சர்வர் ரூம் சாவியும் சாமி தூக்கின தோளும்

லேப் அட்டெண்டர் வேலைக்குப் புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களே, இப்போ உங்க கையில இருக்கிற சாவிக்கொத்து முன்னாடி என் இடுப்புல இருந்தது. காஞ்சிபுரத்தை ஒட்டின ஏனாத்தூர் பக்கத்துல இருக்கிற அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும், பச்சையம்மாவைக் கேக்காம ஒரு கதவு திறந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. பெருமைக்குத்தான் சொல்றேன். பெருமைப்படக்கூடிய வேலைதான் அது. நான் அஞ்சாவது தாண்டினது இல்லை, எழுத்துக்கூட்டித்தான் எழுதுறேன். நீங்களும் அவசரமில்லாம படிங்க.

பெருக்குறது, மேஜை துடைக்கிறது, ப்ரொஜெக்டருக்கு வயர் மாட்டுறது எல்லாம் கொஞ்ச நாள்ல கைக்கு வந்துடும். அதை எழுதி உங்க நேரத்தை வீணாக்கப் போறதில்லை. ஆனா வேண்டப்பட்ட ஒருத்தர் வந்து கதவு முன்னாடி நின்னு, "அம்மா, இந்த ஒரு வாட்டி திறங்களேன்"னு கண்ணைக் கசக்கும்போது என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

அப்போ நம்ம டிபார்ட்மெண்ட்ல தேன்மொழின்னு ஒரு பொண்ணு பி.எச்.டி. பண்ணிக்கிட்டு இருந்தா. வந்தவாசிப் பக்கம், விவசாயக் குடும்பம். அவ என்ன ஆராய்ச்சி பண்றான்னு நானே போய்க் கேட்டேன். ஒரு மேஜை மேல என்ன இருக்குதுன்னு தெரியாம அதைத் துடைக்க எனக்குப் பிடிக்காது.

"யாரு எதைத் திறக்கலாம், யாரு எதைப் பார்க்கலாம், அந்த அனுமதியை யாரு யாருக்குக் கொடுக்கலாம். இதையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கிறதுதாம்மா என் ஆராய்ச்சி"ன்னா.

"அடிப்பாவி, அது என் வேலை இல்லையா?"

"ஆமா, உங்க வேலையைப் பிடுங்கத்தான் இத்தனை வருஷமா ராப்பகலாப் படிக்கிறேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சா.

அவ எழுதினது வெறும் காகிதத்துல நிக்கலை. நம்ம சர்வர் ரூம் கதவுலயே அதை மாட்டிச் சோதனை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. உள்ளே போக வேண்டியவங்க கதவுகிட்ட கார்டைக் காட்டணும். உடனே அது எச்.ஓ.டி. சார் போனுக்குப் போய் 'விடலாமா'ன்னு கேக்கும். அவர் தன் கட்டைவிரலைப் போன் மேல வெச்சாத்தான் கதவு திறக்கும். அவர் ஊர்ல இல்லைன்னா, முன்னாடியே அந்த அதிகாரத்தை வேற யாருக்காவது மாத்திக் கொடுத்துட்டுப் போகலாம். அதுக்கும் அவர் விரல்தான் வேணும். திரும்பத் திரும்பத் தப்பா விரல் வெச்சா, மறுநாள் வரைக்கும் போன் வாயே திறக்காது.

இது தவிர பழைய இரும்புச் சாவி ஒண்ணு, சுவத்துல ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கும். நெருப்பு, கரண்ட்டுன்னு ஆபத்து வந்தா உடைச்சு எடுக்கலாம். அந்தப் பெட்டி என் பொறுப்பு.

சோதனையில கிடைச்சதை எழுதி வெளிநாட்டுல நடக்கிற ஒரு கருத்தரங்கத்துக்கு அனுப்பணும். படிச்சவங்க கூடிப் பேசுற இடமாம் அது. முதல்ல எழுதி அனுப்பணும், அவங்க படிச்சுப் பார்த்துப் பிடிச்சாத்தான் 'வா, வந்து பேசு'ம்பாங்க. தேன்மொழிக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அவளுக்குக் காலேஜ்ல கொடுத்திருந்த காலம் முடியப் போகுது. ஒரு பேப்பராவது எடுத்துக்கிட்டாத்தான் டாக்டர் பட்டம். இது தவறினா, அத்தனை வருஷப் படிப்பையும் பாதியில விட்டுட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பேப்பர்ல ரொம்பப் பலமான ஒரு வரி இருந்துச்சு. எனக்கும் படிச்சுக் காட்டினா. சோதனை நடந்த காலம் முழுக்க, முறையை மீறி ஒரு தடவைகூட அந்தக் கதவு திறக்கப்படவில்லை. "இந்த வரிக்காகவே எடுத்துக்குவாங்கம்மா"ன்னா.

அனுப்ப வேண்டிய கடைசி நேரம் சாயங்காலம் அஞ்சரை. அதென்ன அரைன்னு கேட்டேன். உலகத்துலயே கடைசியா நாள் முடியுற இடத்துக் கணக்காம். அங்கே நாள் முடியும்போது நமக்கு மறுநாள் அஞ்சரையாம்.

"அந்த ஊர்ல யாரு இருக்காங்க?"

"யாருமே இல்லைம்மா. கடலும் ரெண்டு திட்டும்தான்."

ஆளே இல்லாத ஊரோட கடிகாரத்துக்கு இந்தப் பொண்ணு இப்படிப் பயப்படுதேன்னு எனக்கு அதிசயமா இருந்துச்சு.

அந்தக் கடைசி நாள் வந்து விழுந்தது பங்குனி உற்சவத்துல, அறுபத்து மூவர் புறப்பாட்டு அன்னிக்கு. டிபார்ட்மெண்ட்ல ஆளே இல்லை. நான், தேன்மொழி, அப்புறம் சிஸ்டமெல்லாம் பார்த்துக்கிற அஸ்லம் தம்பி. காலையிலயே சர்வர் ரூம்ல இருந்த மிஷின் நின்னு போச்சு. பேப்பர்ல கடைசியாப் போட வேண்டிய கணக்கு அதுக்குள்ளதான் இருக்குது. உள்ளே போய்த் திரும்ப ஓட்டி விட்டாத்தான் வெளியே வரும்.

தேன்மொழி கதவுல கார்டைக் காட்டினா. அது எச்.ஓ.டி. சாரைக் கேட்டுச்சு. பதில் இல்லை. திரும்பக் காட்டினா. இல்லை. போன் பண்ணா எடுக்கலை.

"சார் இன்னைக்கு லீவு போட்டிருக்காரு. எங்க போயிருக்காருன்னு தெரியலையே"ன்னான் அஸ்லம்.

"எனக்குத் தெரியும்பா. அவரு சாமி தூக்கப் போயிருக்காரு"ன்னேன்.

ரெண்டு பேரும் என்னையே பார்த்தாங்க. நானும் சாரும் ஒரே ஊர்ப் பக்கம், பிள்ளையார்பாளையம். அவர் வீட்டுல இன்னும் தறி ஓடுது. அறுபத்து மூவர் புறப்பாட்டுல ஒரு சாமிக்கு அவங்க தெருக்காரங்கதான் தோள் கொடுக்கணும், பரம்பரை முறை. காலேஜ்ல கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறவரு, அன்னிக்கு இடுப்புல வேட்டி, உடம்பெல்லாம் திருநீறுன்னு சாமி பல்லக்குத் தண்டுக்கு அடியில நிப்பாரு. சட்டை கிடையாது. சட்டை இல்லைன்னா போனுக்குப் பை எங்க?

"அதிகாரத்தை யாருக்காவது மாத்திக் கொடுத்துட்டுப் போனாரா?"ன்னு கேட்டேன்.

தேன்மொழி இல்லைன்னு தலையை ஆட்டினா.

அஸ்லம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். "உடைச்சிடலாம்மா. ஒரு நிமிஷ வேலை. நாளைக்கே நானே புதுக் கண்ணாடி போட்டுடறேன். எங்கேயோ உக்காந்துக்கினு படிக்கிறவங்களுக்கு இங்க கண்ணாடி உடைஞ்சது எப்படித் தெரியும்?"

"அந்த வரி?"ன்னா தேன்மொழி.

"எந்த வரி?"

"ஒரு தடவைகூடத் திறக்கலைன்னு எழுதியிருக்கேனே."

"அது அப்படியே இருக்கட்டுமே அக்கா."

அவ என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க சொல்லுங்கம்மா. உடைக்கட்டுமா?"

பிள்ளைங்களே, கை அப்படியே அந்தப் பெட்டிகிட்டப் போச்சு. பொய் சொல்லலை. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தா யாருக்கும் போகும். ஆனா என் கையில இருக்கிறது சாவி மட்டும்தான். திறக்கலாம்னு சொல்ற வாய் வேற ஒருத்தரோடது. அவரு சாகலை, கொள்ளலை, அரை மணி நேரத் தூரத்துல நல்லாத்தான் இருக்காரு. அப்போ எதுக்கு நான் அந்த வாயாகணும்?

"பொழுது இன்னும் உச்சிக்கே வரலை. வா, சாரையே கேட்டுட்டு வரலாம்"னேன்.

"தண்டுக்கு அடியில போயா?"

"எங்க இருக்காரோ அங்க."

அஸ்லத்தைக் கதவுகிட்ட விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சோம். முதல்ல பிள்ளையார்பாளையத்துல சார் வீட்டுக்குப் போய்ப் போனை எடுக்கணுமே. அவர் சம்சாரம் பூஜை அறையிலேர்ந்து கொண்டாந்து கொடுத்தாங்க. "நல்ல வேளை வந்தீங்கம்மா. காலையிலேர்ந்து சாமிக்கு முன்னாடி கத்திக்கினே இருக்குது. அணைக்கவும் தெரியலை."

அங்கேருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு வண்டி விடலை. நடந்தோம். சன்னதி வீதிக்கு வர்றதுக்குள்ள தேன்மொழி செருப்பு ஒண்ணு கூட்டத்துல போயிடுச்சு. மேளச் சத்தத்துல நான் கத்துறது எனக்கே கேக்கலை. வரிசையா சாமிங்க வருது. சார் தெருக்காரங்க தூக்குற சாமியை நான் அடையாளம் கண்டுபிடிச்சேன். சாமியை வெச்சு இல்லை, தூக்குறவங்க முகத்தை வெச்சு. எல்லாம் எங்க பக்கத்து ஆளுங்க. முன் தண்டுல எச்.ஓ.டி. சார்.

"சார்!"னு தேன்மொழி கத்தினா. அவரு திரும்பிப் பார்த்தாரு. அந்தக் கோலத்துல தன்னை அவ பார்த்துட்டாளேன்னு வெக்கம் வந்துடுச்சு போல, வேட்டியை இறுக்கப் பார்த்தாரு. ஒரு கையாலதான் முடிஞ்சது.

"என்னம்மா இங்க?"

"சர்வர் நின்னு போச்சு சார். இன்னைக்குத்தான் கடைசி நாள். விரல் வெக்கணும்."

"இரு, தோள் மாத்திக்கிட்டு வரேன்."

உடனே வந்துட முடியாது அவரால. அவரோட பங்காளி ஏகாம்பரம்னு ஒருத்தரு பக்கத்துலயே நடந்துக்கிட்டு வந்தாரு, தறிக்காரரு. அவரு முதல்ல சாருக்குப் பின்னாடி ஒட்டி வந்து, அதே தண்டுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாரு. கொஞ்ச தூரம் ரெண்டு பேருமாத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. அப்புறம் ஏகாம்பரம் ஏதோ சொன்னாரு. அதுக்கப்புறம்தான் சார் குனிஞ்சு வெளியே வந்தாரு. சாமி ஒரு விரற்கடைகூட ஆடலை. தேன்மொழி போனை நீட்டவும் மறந்து அதையே பார்த்துக்கிட்டு நின்னா.

சார் விரலை வெச்சாரு. போன் ஏத்துக்கலை. தண்டைப் பிடிச்சுப் பிடிச்சுத் தோல் கன்னிப் போயிருந்துச்சு, அது மேல சந்தனம், வேர்வை. வேட்டியில துடைச்சுட்டு வெச்சாரு. இல்லை. நான் என் முந்தானையை நனைச்சுத் துடைச்சு விட்டேன். இல்லை. திரும்ப. போன் சிவப்பாக் காட்டிட்டு வாயை மூடிக்கிச்சு.

"இனி நாளைக்குத்தான்"ன்னா தேன்மொழி.

"எவன்மா இப்படி ஒரு விதி எழுதினது?"ன்னு சார் எரிஞ்சு விழுந்தாரு.

"நான்தான் சார்."

தண்டுக்கு அடியிலேருந்து ஏகாம்பரம் சிரிச்ச சிரிப்புல மத்தவங்களும் சிரிச்சுட்டாங்க. "பூட்டைச் செஞ்ச பொண்ணே பூட்டுக்கு வெளியில மாட்டிக்கினுச்சுடா!"

தேன்மொழிக்குக் கண்ணு தளும்பிடுச்சு. சார் அதைப் பார்த்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "பச்சையம்மா, கண்ணாடியை உடைச்சுத் திறந்துடு. நான் சொல்றேன்."

நான் உடனே கிளம்பலை. "சார், கேட்டுக்கிட்டு இருக்கிறது நான் மட்டும் இல்லை. இவங்க எல்லாரும் இருக்காங்க, மேலே சாமி இருக்குது. நாளைக்கு யாராவது கேட்டா, நீங்க சொல்லித்தான் உடைச்சேன்னு சொல்லுவேன்."

"சொல்லு. நானும் எழுதிக் கொடுக்கிறேன்."

சொன்ன மாதிரியே மறுநாள் எழுதியும் கொடுத்தாரு. அதுக்காக அவர் மேல எனக்கு மரியாதை உண்டு.

திரும்பிப் போனோம். கண்ணாடியை நானே உடைச்சேன், ஒரு சுத்தியலால, மூலையில தட்டி. அஸ்லம் உள்ளே போய் மிஷினை எழுப்பினான். கணக்கு வந்துச்சு. தேன்மொழி உக்காந்து அடிக்க ஆரம்பிச்சா. அஞ்சரைக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. எல்லாம் அடிச்சு முடிச்சிட்டு, அந்தப் பலமான வரிக்கு வந்து நின்னா. அஸ்லம் அவ பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். நான் உடைஞ்ச கண்ணாடியைப் பெருக்கிக்கிட்டு இருந்தேன். அது அவ பேப்பர், என் கதவு இல்லை.

அவ அந்த வரியை அழிச்சா. ஒரு தடவை திறக்கப்பட்டதுன்னு போட்டா. ஏன்னும் எழுதினா. அனுமதி கொடுக்க வேண்டியவர், அதை யாருக்கும் மாத்திக் கொடுக்காம ஒரு கோயில் கடமைக்குப் போயிருந்தார். அங்கே அவர் தோளிலிருந்த பாரத்தை மட்டும் ஒழுங்காக மாத்திக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். நம்ம முறையில இல்லாதது எதுவோ அந்த முறையில இருக்கிறது. இப்படி நாலு வரி.

அனுப்பினா. அப்புறம் தலையை மேஜை மேல வெச்சுக்கிட்டா. "போச்சும்மா. தோத்துட்டேன்னு நானே எழுதி அனுப்பிட்டேன்"ன்னா. ஒத்தைச் செருப்பைக்கூட அப்போதான் கழட்டினா.

பதில் வர ரொம்ப நாள் ஆச்சு. அங்கே படிச்சுப் பார்த்த மூணு பேர்ல ஒருத்தர் நல்லா இருக்குதுன்னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர், சோதனையிலேயே உடைச்சுத் திறக்க வேண்டியதாப் போன முறையை எப்படி நம்புறது, வேண்டாம்னு எழுதியிருந்தாரு. மூணாவது ஆளு வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ஒரே ஒரு கேள்வி. 'அந்தத் தோள் மாற்றும் நேரத்தில் பாரம் யாருடையது?' அதுக்குப் பதில் எழுதலாம், ஆனா சில நாளுக்குள்ள. அதைப் பார்த்துத்தான் எடுக்கிறதா விடுறதான்னு முடிவாம்.

தேன்மொழி நேரா எச்.ஓ.டி. சார்கிட்டப் போய்க் கேட்டா. அவரு யோசிச்சாரு, யோசிச்சாரு. "சின்ன வயசுலேர்ந்து தூக்குறேன்மா. பழக்கத்துல செய்யுறேன். எப்படின்னு சொல்ல வரலை. ஏகாம்பரம் எனக்கே சொல்லிக் கொடுத்தவன், அவனைக் கேளு"ன்னாரு.

நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். எனக்கும் தெரிஞ்சுக்கணுமே. ஏகாம்பரம் தறியில இருந்தாரு. கேள்வியைக் கேட்டதும் நூல் ஓட்டுற நாடாவை நிறுத்திட்டு, "இதுக்கு வெள்ளைக்காரன் லெட்டர் போட்டானா?"ன்னாரு.

"எந்த ஊருன்னு தெரியாதுங்க."

"வாயால சொன்னா வெளங்காதும்மா. எந்திரி."

வாசல்ல ஒரு மூங்கில் கம்புல தண்ணிக் குடத்தைக் கட்டி, ஒரு முனையைத் தான் பிடிச்சுக்கிட்டு, மறு முனையைத் தேன்மொழி தோள்ல வெச்சாரு. "இந்தம்மாகிட்ட மாத்திக் கொடு." நான் போய் அவ பின்னாடி தோளைக் கொடுத்தேன். என் தோள் கம்புல பட்டதுமே அவ நழுவிட்டா. குடம் சாய்ஞ்சு தண்ணி முழுக்க என் மேல.

"கொன்னுட்டியே சாமியை!"ன்னாரு. தெருவுல போறவங்கள்லாம் நின்னு வேடிக்கை. "பட்டதும் விட்டுட்ட. பட்டா வாங்கினதா அர்த்தமா? திரும்ப."

ரெண்டாவது தடவை அவ விடவே இல்லை. பயம். "அவங்க தூக்குறாங்கம்மா, நீ ஏன் இன்னும் கொரங்கு மாதிரி தொங்கிக்கினு இருக்க?"ன்னாரு. மூணாவது தடவை, ரெண்டு பேரும் கொஞ்சம் நடந்தோம். என் தோள்ல கனம் ஏறுச்சு. நான் "ம்"னேன். அவ முதுகு லேசா நிமிர்ந்துச்சு. அப்புறம் குனிஞ்சு வெளியே வந்தா. ஒரு சொட்டு சிந்தலை.

அவ அப்படியே நின்னுக்கிட்டு இருந்தா. "என் தோள்ல கனம் குறைஞ்சதை நான் உணர்ந்தேன். ஆனா நீங்க 'ம்' சொல்ற வரைக்கும் என்னுதுதான். உங்க தோள் பட்டதுலேர்ந்து உங்களுதும்தான்"னு மெதுவா, தனக்கே சொல்லிக்கிற மாதிரி சொன்னா.

"ரெண்டு பேரோடதும். ஒருத்தரோடதும் இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கவே கூடாது. அதான் சாமி கீழே வுழறது"ன்னாரு ஏகாம்பரம். "போதுமா? எனக்கு வேலை இருக்குது."

அவ போய் அதை எழுதினா. அவளோட முறையில அனுமதி ஒருத்தர்கிட்டேருந்து போய் இன்னொருத்தர்கிட்ட வர்றதுன்னு இருந்துச்சாம். நடுவுல யார்கிட்டயும் இல்லாத ஒரு இடைவெளி. அதைத் திருத்தி, வாங்குறவர் வாங்கிக்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் கொடுக்கிறவரை விடாத மாதிரி மாத்தி எழுதினா. சார் லீவு கேட்டாக்கூட, அதிகாரத்தை வாங்கிக்கிட்டேன்னு ஒருத்தர் சொல்லாம லீவு கிடையாது. உங்களுக்கு நான் சொல்ல நினைச்சதும் அவ்வளவுதான். சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போகாதீங்க. கையில கொடுங்க. வாங்கிக்கிட்டேன்னு வாயால சொல்ல வைங்க. அது வரைக்கும் அது உங்க சாவிதான்.

ஒரு நாள் மத்தியானம் நான் வராண்டாவைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். தேன்மொழி வந்து, துடைச்ச ஈரத்துல அப்படியே கால் வெச்சு நின்னா. திட்ட வாயெடுத்தேன். அவ முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டேன்.

"எடுத்துக்கிட்டாங்கம்மா."

வேண்டாம்னு சொன்னவரு அப்பவும் வேண்டாம்னுதான் சொன்னாராம். கேள்வி கேட்டவருதான் அவருக்கு எதிரா நின்னு, இது வந்தே ஆகணும்னு எழுதினாராம்.

"யாரும்மா அவரு? பேரு போட்டிருக்குதா?"

"போட மாட்டாங்க. படிச்சுப் பார்த்தது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. ஆம்பிளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது."

"நீ அங்க போவேல்ல, பேச? அப்போ கேட்டுப் பாரேன்."

"கேட்டாலும் சொல்லக் கூடாதும்மா அவங்க."

போனா. பேசினா. திரும்பி வந்தா. இப்போ டாக்டர் தேன்மொழி, வேற ஊர்ல வேலை. யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை. நான்தான் இன்னும் விடலை. பொழுது போகாதப்போ உக்காந்து யோசிப்பேன். கம்ப்யூட்டரைப் பத்தி எழுதின அத்தனை பக்கத்துல, அந்த நாலு வரியில வந்து நின்னு, பாரம் யாருடையதுன்னு ஒருத்தருக்குக் கேக்கத் தோணியிருக்குதே. படிச்சு மட்டும் அந்தக் கேள்வி வராது. அவரும் எங்கேயோ, யாரோடயோ சேர்ந்து, எதையோ தூக்கியிருக்கணும். எதைத் தூக்கினாரோ.